முயலுக்குப் பத்தியம் வைத்த மார்கழி

முயலுக்குக் குளிருமா, அதற்கு எதையாவது போர்த்திவிட வேண்டுமா என்று என்னிடம் மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டாள். பாவம், அவள் என்ன செய்வாள், அவளுக்கு அந்த மார்கழியைப் பற்றி என்ன தெரியும்.

உங்களுக்குச் சொன்னால் புரியும். பல் போய், காது மந்தமாகி, ஆளுக்கொரு மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, நம் வயதுக்காரர்களுக்குத்தான் கரியில் ஓடிய பஸ் ஞாபகமிருக்கும். சீமெண்ணெய்க்கு வரிசையில் நின்றது ஞாபகமிருக்கும். வெள்ளைக்காரன் எங்கேயோ சண்டை போட்டான், இங்கே நம் வீட்டில் விளக்கு எரியவில்லை. அந்தக் காலத்தில் நடந்தது இது.

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைப் பக்கம் போகிற வண்டிப்பாதையில் எங்கள் தோட்டம். மார்கழி பிறந்தால் மலையிலிருந்து வாடை இறங்கும். விடிகாலையில் கிணற்றுமேட்டில் நின்றால் மாட்டுக்கொட்டகை தெரியாது, அவ்வளவு பனி. ஆனால் வெயில் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நம் பக்கத்துக் குளிர் எவ்வளவு பெரிய குளிர் என்று உங்களுக்குத் தெரியாதா. அதற்குத்தான் எங்கள் வீட்டார் அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

முயல்களைக் கொண்டுவந்தது என் தாய்மாமா. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர் வேலை பார்த்தார். தோட்டத்துத் துரை பட்டாளத்துக்குப் போக, துரைசாணி ஊருக்குக் கப்பலேற, அவர்கள் வளர்த்த முயல்களில் ஒரு சோடி மாமா கைக்கு வந்தது. கார்த்திகையில் ஒரு நாள், முன்பக்கம் கம்பி வலை அடித்த மரப்பெட்டியோடு கரி பஸ்ஸில் வந்து இறங்கினார். முகமெல்லாம் கரி. முயல்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று, சிவப்புக் கண்ணோடு உட்கார்ந்திருந்தன. ஒன்று கிடாய், ஒன்று பெட்டை.

"மச்சான், இதுங்க ஏற்காட்டுப் பனியிலயே வெளிய கெடந்ததுங்க. நம்மூருக் குளிரு இதுங்கள ஒன்னும் பண்ணாதுங்க," என்றார் மாமா அப்பாவிடம். "ஈரம் படாமப் பாத்துக்கோணும். காத்து வந்து போவோணும். தண்ணி மட்டும் எந்நேரமும் பக்கத்துல இருக்கோணும். அவ்வளவுதானுங்க."

அம்மா சிரித்தாள். "புலிகிட்டப் பேசுனவன் சொல்றான், கேட்டுக்கங்க."

அதற்குக் காரணம் இருந்தது. மாமா வாயைத் திறந்தால் பொய். துரையின் பங்களா வாசலில் புலி படுத்திருந்ததாம், இவர் "எந்திரிச்சுப் போ" என்றாராம், அதுவும் போய்விட்டதாம். இப்படிப்பட்ட மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னார், அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பனியிலேயே பிறந்து பனியிலேயே வளர்ந்த பிராணிக்கு நாமக்கல் பக்கத்துக் குளிர் என்ன செய்துவிடும் என்று அந்த வீட்டில் ஒரு ஆளாவது யோசித்திருக்க வேண்டாமா?

அப்பா நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார். மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் நான்கு கல் போட்டு, அதன்மேல் பெட்டியைத் தூக்கி வைத்தார். நாயும் கீரியும் வராமல் இருக்கச் சுற்றிலும் வேலமுள் வெட்டிப் போட்டார். முள்ளைத் தாண்டி வரக்கூடிய ஆபத்து மனித ரூபத்தில்தான் இருந்தது. தோட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "எப்பங்க அடிக்கறீங்க?" என்று கேட்டார்கள். முயல் என்றால் நம் பக்கத்தில் குழம்புதானே. "உங்களக் கூப்புடாம அடிக்க மாட்டமுங்க," என்று அப்பா சொல்லி அனுப்புவார். ஆள் போனதும் முள்ளை இன்னும் நெருக்கிப் போடுவார்.

அப்போது என் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஓமலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்து, கல்யாணமுருங்கை இலையை ஒவ்வொன்றாக வலைக்குள் நீட்டுவாள். இலைக்காம்பை முயல் கடிக்கிற சத்தம் இருக்கிறதே, நறுக் நறுக்கென்று, அதைக் கேட்பதற்காகவே நானும் பக்கத்தில் உட்காருவேன். அக்கா அதிகம் பேசமாட்டாள். குரலை உயர்த்தி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. தேங்காய்த் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைப்பதும் அவள்தான்.

மார்கழி பிறந்தது. அம்மா ஒரு காலையில் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "சில்லுன்னு கெடக்குது" என்றாள். அங்கே பிடித்தது சனி.

முதலில் ஒரு கோணிச்சாக்கு. பிறகு இன்னொரு சாக்கு. அப்புறம் சோளத்தட்டைச் சுற்றிலும் சாத்தினார்கள். வலையடித்த முன்பக்கம் காற்று வருகிறதென்று பனையோலைத் தடுக்கை வைத்துக் கட்டினார்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அதுவும் போதாதென்று ஒரு சட்டியில் நெருப்பு அள்ளிப் போட்டு, அதில் சாம்பிராணியையும் தூவிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள் அம்மா. புகை தாங்காமல் முயல்கள் தும்மின. கண்ணில் நீர் வடிந்தது.

"பாத்தீங்களா, சளி புடிச்சுருச்சு," என்றாள் அம்மா.

சளிக்கு என்ன வைத்தியம்? புகை. இன்னும் கொஞ்சம் சாம்பிராணி, இன்னும் கொஞ்சம் வேப்பிலை. புகை போட்டதால் தும்மியது, தும்மியதால் புகை போட்டார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்கு நான் என்ன கண்டேன், சட்டிக்கு ஊதுகுழலால் ஊதிவிட்டுக்கொண்டு நின்றேன்.

ஒரு காலையில் கிடாய் முயல் காலை நீட்டிக்கொண்டு கிடந்தது. மூச்சடைத்துச் செத்தது என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. குளிரில் விறைத்துச் செத்தது என்று அன்றைக்கு வீட்டில் முடிவாயிற்று. அப்பா கொட்டகைக்குள் போய், தன் கம்பளியை எடுத்துவந்தார். கறுப்புக் கம்பளி, ஆட்டு மொச்சை நாற்றமும் புகையிலை வாசமும் கலந்து அடிக்கும். அவர் இரவு மாட்டுக்காவலுக்குப் படுக்கும்போது போர்த்துகிறது. குறுக்கே மடித்து அரிவாளால் இரண்டாக அறுத்தார். ஒரு பாதியைப் பெட்டை முயலுக்குப் போட்டார். மறுபாதி அவருக்கு, முழங்காலுக்குமேல் எட்டாது. அந்த மார்கழி முழுக்க அவர் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு பிரியம். பிரியத்துக்குக் குறைச்சலே இல்லை அந்த வீட்டில், அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கிடாய் செத்த சில நாளில் அக்காவுக்கு வலி எடுத்தது. ஆண்குழந்தை. தானியம் கொட்டி வைக்கிற குதிர் இருக்கிற சின்ன அறையில் அவளைக் கிடத்தினார்கள். இருந்த ஒரே ஜன்னலில் சாக்கை அடைத்தார்கள். காதில் பஞ்சு, தலையில் முக்காடு, கட்டிலுக்கு அடியில் நெருப்புச்சட்டி. பூண்டும் மிளகும் போட்டுச் சோறு, சுட்ட கருவாடு. தண்ணீர் மட்டும் கிடையாது. சோறு தின்றபின் ஒரு மிடறு சுக்குத் தண்ணீர், அவ்வளவுதான்.

"பச்ச ஒடம்புங்கம்மிணி," என்று பிரசவம் பார்த்த மருத்துவச்சி அம்மாவிடம் கறாராகச் சொன்னாள். "எவ்வளவு கேட்டாலும் தண்ணி குடுத்துறாதீங்க. வகுறு வெச்சுக்கும். சன்னி கண்டு புத்தி பேதலிச்சுரும்."

உங்களில் பிள்ளை பெற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெறாதவர்களுக்குச் சொல்கிறேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பால் வேறு குடிக்கிறது குழந்தை. உடம்பிலிருக்கிற நீரெல்லாம் அதற்குப் போய்விடும். நெருப்புச்சட்டி மாற்ற நான் உள்ளே போகும்போதெல்லாம் அக்கா என்னைப் பார்ப்பாள். உதடு வெடித்திருக்கும். "ஒரு வாய் தண்ணி கொண்டா சாமி," என்பாள். நான் அம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்பேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ நல்லதுக்குத்தான்" என்று திருப்பி அனுப்புவாள்.

இந்தச் சமயம் பார்த்துப் பெட்டை முயல் தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. வாய் நிறைய மயிரை வைத்துக்கொண்டு மூலையில் மெத்தைபோல அடுக்கியது. குளிரில் மயிர் கொட்டுகிறது என்று அம்மா வேப்பெண்ணெய் தேடிக்கொண்டிருந்தாள். மறுநாள் பார்த்தால் அந்த மயிருக்குள்ளே இளஞ்சிவப்பாக, விரல் நீளத்துக்கு, கண் திறக்காத குட்டிகள் நெளிகின்றன.

அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "புருசனப் பறிகுடுத்துட்டுப் புள்ள பெத்திருக்கறா," என்று மூக்கைச் சிந்தினாள். அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குட்டிகளுக்காகத் தாய் முயல் தன் நெஞ்சையே பிய்த்துப் போட்ட மெத்தை, அதைவிடக் கதகதப்பான படுக்கை உலகத்தில் உண்டா? அழுக்கு மயிர் என்று அதை வழித்து வெளியே எறிந்தாள். அப்பாவின் கம்பளியை மடித்து வைத்தாள். பெட்டியின் இடுக்கையெல்லாம் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசினாள். பச்சை இலை சீதளம் என்று நிறுத்திவிட்டு, வறுத்த கொள்ளும் காய்ந்த கடலைக்கொடியும் போட்டாள்.

பிறகு தேங்காய்த் தொட்டியை எடுத்துத் தண்ணீரைக் கீழே ஊற்றினாள்.

"ஏம்மா?" என்றேன்.

"பச்ச ஒடம்பு சாமி. உங்கக்காளுக்குக் குடுக்கறமா? அது மாதிரித்தான்."

இரண்டு பேருக்கும் ஒரே பத்தியம். ஒருத்தி குதிர் அறையில், ஒருத்தி சாணி பூசிய பெட்டியில். உலகத்தில் எத்தனையோ பேர் முயல் வளர்த்திருப்பார்கள், முயலுக்குப் பிள்ளைப்பேற்றுப் பத்தியம் வைத்தவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

முயல் வலையை நக்க ஆரம்பித்தது. காலையில் கம்பியில் பனி முத்து முத்தாக நிற்குமே, தடுக்கின் ஓட்டைவழியாகத் தெரிந்த இடத்தையெல்லாம் நக்கியது. நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விளையாடுகிறது என்று நினைத்தேன்.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, அம்மா தடுக்கை விலக்கியவள் அப்படியே பின்வாங்கினாள். நான் எட்டிப் பார்த்தேன். குட்டிகளில் ஒன்றின் தலை இல்லை. இன்னொன்று பாதிதான் இருந்தது. தாய் முயலின் வாயெல்லாம் ரத்தம். அம்மா தரையில் உட்கார்ந்து, "இத்தன பண்ணியும் இப்படிப் பண்ணிட்டயே," என்று அழுதாள். அக்காவுக்கு எண்ணெய் தேய்க்க வந்த மருத்துவச்சி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"புள்ளையத் தின்ன சென்மமுங்க இது. புள்ள பெத்த ஊட்டுல இது இருக்கப்படாதுங்க. இன்னிக்கே அனுப்பிருங்க."

எங்கே அனுப்புவது? எப்போது அடிக்கிறீர்கள் என்று கேட்டவர்கள் வீட்டுச் சட்டிக்குத்தான். அம்மா தலையாட்டினாள். சாக்கு எடுத்துவரச் சொல்லி அப்பாவுக்கு ஆள் போயிற்று.

நான் அழுதுகொண்டே நெருப்புச்சட்டியோடு அக்கா அறைக்குள் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முக்காட்டைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அதுக்குத் தண்ணி வெச்சாங்களா?"

"இல்லக்கா. பச்ச ஒடம்பாம்."

அக்கா மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். எனக்கு என்னவோ பயமாக இருந்தது. பிறகு வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டாள். அந்தக் குரல் அவளுடையதாகவே இல்லை, அரத்தால் தேய்த்ததுபோல இருந்தது.

"அம்மா, அது பேயி புடிச்சுத் தின்னல. தாகத்துல தின்னிருக்குது. எனக்குத் தண்ணி குடுங்க. குடுக்காட்டி நானும் இதக் கடிச்சுத் தின்னுருவேன்."

அம்மா ஓடிவந்தாள். பின்னாலேயே மருத்துவச்சி. அவள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள், "சன்னி கண்டுருச்சுங்கம்மிணி."

கேட்டீர்களா கதையை. தண்ணீர் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னவளுக்குச் சன்னியாம். சன்னிக்கு என்ன வைத்தியம்? தண்ணீர் காட்டக் கூடாது, கதவை நன்றாகச் சாத்த வேண்டும், நெருப்பைக் கூட்ட வேண்டும். குழந்தையை அக்காவிடமிருந்து பிடுங்கி அம்மா தோளில் போட்டுக்கொண்டாள். மருத்துவச்சி மருந்து அரைத்து வருகிறேன் என்று தன் வீட்டுக்கு ஓடினாள். அம்மா கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு குறுக்கே உட்கார்ந்தாள். கதவு சாத்துவதற்கு முன்னால் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள், "அதுக்காச்சும் தண்ணி வெய்யி சாமி."

நான் ஓடினேன். பனையோலைத் தடுக்கைப் பிய்த்து எறிந்தேன். மாட்டுத் தொட்டியிலிருந்து தேங்காய்த் தொட்டி நிறைய மொண்டு உள்ளே வைத்தேன். முயல் தலையைத் தூக்கவே இல்லை. குடித்தது, குடித்தது, தொட்டியின் அடியை நக்கியது. மறுபடி ஊற்றினேன். அதையும் குடித்தது. பிறகுதான் வாயை முன்னங்காலால் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் மிச்சமிருந்த குட்டிகளின்மேல் நின்றது. குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்தன.

அந்தக் குட்டிகள் பிழைத்தன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்குக் கண் திறந்து, தை முடிவதற்குள் கடலைக்கொல்லை முழுக்க ஓடின. கம்பளி போட்டதால்தான் பிழைத்தன என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பினால், அப்பா சாக்கோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"யாரு இதுக்குத் தண்ணிய நிறுத்துனது?"

"அம்மாதான். அக்காளுக்கும் குடுக்கறதில்லீங்கப்பா. அக்கா கேட்டா சன்னிங்கறாங்க."

அப்பா கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே முந்தின வாரம் கன்று போட்ட மாடு நின்றிருந்தது. அது கன்று போட்ட அன்றைக்கு, தவிடும் வெல்லமும் கரைத்துத் தாழி தாழியாக வெதுவெதுப்பான தண்ணீரை அதன் முன்னால் வைத்தது இதே அப்பாதான். அது குடித்து முடிக்கும்வரை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றதும் அவர்தான். இவ்வளவும் தெரிந்த மனிதருக்குப் பத்தடி தள்ளியிருந்த அறைக்குள் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. பிள்ளை பெற்ற அறை ஆம்பளைக்கு ஆகாது என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார். முயலை மாடாக நினைத்திருந்தால் அதற்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காது. மகளாக நினைத்துவிட்டார்கள்.

அப்பா சாக்கைக் கீழே போட்டார். தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டுகொண்டு குதிர் அறைக்குப் போனார். அம்மா எழுந்து கதவை மறித்தாள்.

"நீங்க இங்க வரப்படாதுங்க."

"நகரு."

"சன்னி கண்டிருக்குதுங்க. தண்ணி குடுத்தா செத்துப் போயிருவாளுங்க."

"கன்னு போட்ட மாட்டுக்குத் தண்ணி காட்டாம உட்டன்னா நீ என்னைய என்ன சொல்லுவ?"

"மாடும் மனுசியும் ஒன்னுங்களா?"

"முயலும் மனுசியும் மட்டும் ஒன்னா?"

தோளில் குழந்தை சிணுங்கியது. அப்பா கதவில் கை வைத்தார். அப்போதுதான் அம்மா கேட்டாள், கோபமாகக்கூட இல்லை, ஏதோ கணக்குத் தப்பிப்போனவளைப்போல.

"நானும் அஞ்சு பெத்தனுங்க. எனக்கு யாரு குடுத்தாங்க?"

அந்த ஐந்தில் மிச்சம் அக்காவும் நானும்தான். மற்ற மூன்றைப் பற்றி வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அப்பா கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதுவரை அம்மாமேல் இருந்த ஆத்திரமெல்லாம் எனக்கு எங்கே போயிற்றென்று தெரியவில்லை, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "அம்மா, தண்ணி."

அம்மா குழந்தையை என் கையில் கொடுத்தாள். அப்பா கையிலிருந்த செம்பை வாங்கி, அந்தத் தண்ணீரை வாசலில் ஊற்றினாள். நான் பதறிப்போனேன். அவள் அடுப்படிக்குப் போய், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அதே செம்பு நிறைய ஊற்றிக்கொண்டு வந்தாள். அறைக்குள் போய், ஜன்னல் சாக்கைப் பிடுங்கிக் கீழே போட்டாள். கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா செம்பை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்தாள்.

"மெதுவாக் குடி சாமி," என்றாள் அம்மா. "இன்னும் இருக்குது."